நன்றியுரை: கோதண்டபாணி

மந்தைவெளி நல்லோர் சேவை மன்றத்தின் விழா அழைப்பிதழைக் கடைசி வரி வரைக்கும் படிப்பவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். ஒருவர் அதை அச்சடிக்கிறவர். இன்னொருவர் கோதண்டபாணி. மற்றவர்களெல்லாம் தங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள், கண்டுபிடித்ததும் அழைப்பிதழை மடித்து வைத்துவிடுவார்கள். கோதண்டபாணியின் பெயர் அடியில் இருந்தது. ‘நன்றியுரை: திரு. கோதண்டபாணி’. அதற்குக் கீழே தேசிய கீதம். அதற்கும் கீழே மதிய உணவு.

இருபத்திரண்டு வருடமாக இந்த வரிசையில் மாற்றமில்லை. தலைவர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். செயலாளர்கள் சண்டை போட்டு விலகினார்கள், பிறகு சால்வை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். நன்றியுரை மட்டும் கோதண்டபாணிக்கு என்று எழுதாத சாசனமாகிவிட்டது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால், அவர் மனைவி செண்பகமும் அதையேதான் கேட்டாள்.

“எல்லாம் எழுந்து சோத்துக்கு ஓடச்சொல்லோ நீ நின்னு பேசற. உன் பேச்ச யாருய்யா கேக்கறாங்க?”

“வலியுல்லா பாய் கேப்பாரு.”

“அவுரு மைக் செட்டுக்காரு. நீ முடிச்சாதானே அவுரு ஒயரச் சுத்த முடியும்!”

செண்பகம் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது.

கோதண்டபாணிக்கு இப்போது வயது அறுபத்தெட்டு. மாநகரப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்தவர். மயிலாப்பூர் குளம் ஸ்டாப்பிங்கில் நின்றுகொண்டு அவர் ‘லஸ் கார்னர்லாம் இறங்கு’ என்று குரல் கொடுத்தால் பின்னால் வருகிற பஸ்ஸில் இருப்பவனும் எழுந்துகொள்வான். அப்படி ஒரு தொண்டை. அந்தத் தொண்டையைத் தினமும் அதே பஸ்ஸில் வேலைக்குப் போன அம்பி கவனித்தார். அம்பி அப்போது வங்கியில் இருந்தார், மன்றத்துக்குச் செயலாளர். ஒருநாள் டிக்கெட் வாங்கும்போது, “எங்க மன்றத்துல மைக் அடிக்கடி மக்கர் பண்றது. உம்மை மாதிரி ஒருத்தர் இருந்தா சௌகரியமா இருக்கும். வர்றேளா?” என்று கேட்டார். அப்படித்தான் சேர்ந்தார். சேவை செய்ய வேண்டும் என்ற தாகம் எல்லாம் அப்போது கிடையாது, பின்னால்தான் வந்தது.

மன்றத்தில் நாற்பத்து மூன்று உறுப்பினர்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் அம்பியின் அடுக்குமாடிக் குடியிருப்பு மொட்டை மாடியில் கூட்டம். சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசிப்பது, அதில் தன் பெயர் விட்டுப்போனதாக ஒருவர் கோபித்துக்கொள்வது, மரக்கன்று நடுவதா நோட்டுப் புத்தகம் கொடுப்பதா என்று ஒன்றரை மணி நேரம் வாதாடுவது, கடைசியில் இரண்டையும் செய்வது. கேலியாகச் சொன்னாலும் நிறையவே செய்தார்கள். வெள்ளம் வந்த வருடம் ஆற்றோரத்துக் குடிசைகளுக்குப் பதினோரு நாள் சாப்பாடு போட்டார்கள். பெயர் எழுதாத பொட்டலங்களாகத்தான் போட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

கோதண்டபாணிக்கு ஆங்கிலம் வராது. அதனால் செயலாளர் பதவி கிடையாது. வீட்டில் நாலு கார் நிற்கவில்லை. அதனால் தலைவர் பதவியும் கிடையாது. நன்றியுரை என்பது எந்தப் பதவியும் இல்லாதவருக்குக் கொடுக்கிற பதவி. அவர் அதை ஒரு தொழிலாகவே செய்தார். முதலில் சிறப்பு விருந்தினர், பிறகு தலைவர், செயலாளர், பிறகு புரவலர்கள் அவரவர் வயதுப்படி, அப்புறம் மண்டபத்துக்காரர், பூ மாலை கட்டியவர், சமையல்காரர், நாற்காலி போட்டவர், ஒலிபெருக்கி வலியுல்லா. ஸ்டாப்பிங் வரிசை மாதிரி எல்லாம் மனப்பாடம். துண்டுச் சீட்டே தேவையில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் இன்னொரு பழக்கமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. பின்னால் தட்டு எடுக்கிற சத்தம் கேட்டால் போதும், அவர் நாக்கு தானாகவே, ‘இறுதியாக, வருகை தந்த அனைவருக்கும்’ என்ற இடத்துக்குத் தாவிவிடும். பசித்த கூட்டத்தின் முன்னால் நின்று பேசுகிறவனுக்கு வேறு வழி இல்லை. இது தப்பு என்று அவருக்கு யாரும் சொன்னதும் இல்லை.

மன்றத்தில் அவர் மனசாரச் செய்த வேலை ஒன்று உண்டு. கண் தானம். தென் சென்னையில் எங்கே சாவு என்று தகவல் வந்தாலும் கோதண்டபாணி கிளம்பிவிடுவார். ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்காரர்கள் வந்து எடுத்தாக வேண்டும். அதற்கு முன்னால் வீட்டார் சம்மதிக்க வேண்டும். அழுதுகொண்டிருக்கிறவர்களிடம் போய்க் கண்ணைக் கொடு என்று கேட்பது லேசுப்பட்ட காரியமா? செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, உடம்பைக் கும்பிட்டுவிட்டு, ஓரமாக அரை மணி நேரம் நிற்பார். பிறகுதான் வாயைத் திறப்பார். அடி வாங்கப் பார்த்திருக்கிறார். ஒரு வீட்டில் தண்ணீரை முகத்தில் வீசினார்கள். துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

டில்லிபாபு லிஃப்ட் மெக்கானிக். அம்பி குடியிருப்பின் லிஃப்டைப் பார்த்துக்கொண்டவன். வீடு ஆதம்பாக்கத்தில். நாற்பத்தொரு வயசு. ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அம்பி தகவல் சொல்லி, எட்டு மணிக்கெல்லாம் கோதண்டபாணி அங்கே இருந்தார். டில்லிபாபுவின் அம்மா பச்சையம்மா மகனின் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். மனைவி அன்புக்கரசி சுவரில் சாய்ந்து, அழக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயதுப் பெண் கயல் யாருடைய மடியிலோ இருந்தாள்.

கோதண்டபாணி கேட்டதும் பச்சையம்மா எழுந்த வேகத்தில் கூட்டம் விலகியது.

“கண்ண நோண்டவா வந்த? அடுத்த ஜென்மத்துல என் புள்ள குருடனா பொறக்கணுமா? போய்யா வெளிய!”

அவர் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். வாசல் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து அன்புக்கரசியின் குரல் வந்தது.

“எடுத்துக்கச் சொல்லுங்க சார். அவரு ஒரு ஸ்க்ரூவக்கூட வீணா தூக்கிப் போடமாட்டாரு. எப்பிடியும் எரிக்கத்தான் போறோம்.”

இவ்வளவுதான் சொன்னாள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். கோதண்டபாணி மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்தார். கண் வங்கிக்காரர்கள் இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஆனால் பச்சையம்மா பார்க்க மறுத்து, வெளியே தெருவில் உட்கார்ந்து மாரடித்துக்கொண்டாள். அவள் முன்னால் குனிந்து கோதண்டபாணி ஒரு வார்த்தை கொடுத்தார். “அம்மா, எங்க ஆண்டு விழால மேடைக்கு இட்டாந்து, உங்க புள்ள பேர ஊருக்கே சொல்லி மரியாத பண்ணுவோம். இது என் பொறுப்பு.” அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆண்டு விழா ஏழு மாதம் கழித்து வந்தது. அந்த வருடம் கண் தானம் கொடுத்த ஐந்து குடும்பங்களையும் மேடையில் அழைத்துச் சால்வை போட்டு, சான்றிதழ் கொடுப்பது என்று அழைப்பிதழில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அன்புக்கரசி போன் பண்ணினாள்.

“சார், அத்தையயும் கூட்டினு வர்றேன்.”

“வாங்கம்மா, வாங்க.”

“இல்ல சார், ஒண்ணு சொல்லணும். அன்னிலேருந்து அவங்க எங்கூடப் பேசறதில்ல. எதுனா சொல்லணும்னா கயல் கிட்ட சொல்லி அனுப்பறாங்க. ஒரே வூட்டுல, பக்கத்துல பக்கத்துல நின்னுக்கினு. தெருவுல யாரோ, புருசன் கண்ண எடுத்துக் குடுத்தவன்னு சொல்லிட்டாங்க, அதுலேருந்து இன்னும் மோசம். நானும் எவ்ளோதான் சார் தாங்குவேன்? நாலு பெரிய மனுசங்க முன்னாடி அவரு பேர நல்லவிதமா சொன்னீங்கன்னா, அத்தை மனசு மாறும். அத நம்பித்தான் கூட்டினு வர்றேன்.”

“நீ கவலைய வுடும்மா. நான் கீறேன்.”

இப்படிச் சொன்னவர்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்த காரியத்தைச் செய்தார். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன மண்டபம். காலை பத்து மணிக்கு விழா. மதியம் மூன்று மணிக்கு அதே மண்டபத்தில் யாருக்கோ வளைகாப்பு, அதனால் ஒன்றரைக்குள் காலி பண்ணியாக வேண்டும் என்று மண்டபத்துக்காரர் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். நாலாவது வரிசையில் பச்சையம்மாவும் அன்புக்கரசியும் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் கயல். பச்சையம்மா பெட்டியில் வைத்திருந்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கோதண்டபாணி போய் வணக்கம் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். அதுவே பெரிய சங்கதி என்று அவருக்குச் சந்தோஷம்.

சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற உயர் அதிகாரி. பத்து மணிக்கு வர வேண்டியவர் பதினொன்றே காலுக்கு வந்தார். வந்தவர் தான் பள்ளிக்கூடத்தில் படித்த கதையை ஐம்பது நிமிடம் சொன்னார். ஆறாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புக்கு வருவதற்கே இருபது நிமிடம் பிடித்தது. பிறகு விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, தனக்குரிய சால்வையைக் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டார். அவரை வழியனுப்பப் பாதி மன்றம் வாசலுக்கு ஓடியது. அதற்கப்புறம் தலைவர் மதிவாணன் பேசினார். மதிவாணனுக்கு டைல்ஸ் கடை, நல்ல மனுஷன், ஆனால் மைக் கையில் கிடைத்தால் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்வார். அவர் முடித்தபோது மணி ஒன்று பத்து. வாசலில் வளைகாப்புக்காரர்கள் வாழைக்கன்றோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

மதிவாணன் மேடையிலேயே குனிந்து கோதண்டபாணியின் காதில் சொன்னார். “அண்ணே, குடும்பங்கள கௌரவிக்கற ஐட்டத்த தூக்கிடலாம். சால்வைய அப்புறம் வீட்டுக்கே கொண்டுபோய்க் குடுத்துக்கலாம். நீங்க நன்றியுரையிலயே அஞ்சு பேரையும் படிச்சிடுங்க.”

அம்பி அவசரமாக ஐந்து பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார். கோதண்டபாணி அதைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவருக்குத்தான் சீட்டைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் கிடையாதே. மைக் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். “பெருமதிப்பிற்குரிய சிறப்பு விருந்தினர் அவர்களுக்கு, பணிச்சுமைக்கு இடையிலும்...” என்று ஆரம்பித்தார். தலைவர் வந்தார், செயலாளர் வந்தார், புரவலர்கள் வரிசையாக வந்தார்கள். வலியுல்லாவுக்கு நன்றி சொன்ன கையோடு தானம் கொடுத்த குடும்பங்களைச் சொல்வது என்று மனதில் கணக்கு. வலியுல்லாவின் பெயரைச் சொன்னார். அந்த நேரம் பார்த்து, பின்னால் யாரோ தட்டை எடுத்தார்கள். ஒரு தட்டு, இரண்டு தட்டு, பிறகு மொத்த அடுக்கும் சளசளத்தது.

“இறுதியாக, வருகை தந்த அனைவருக்கும் நன்றி கூறி, வாய்ப்பளித்தமைக்கு நன்றி பாராட்டி விடைபெறுகிறேன். வணக்கம். அனைவரும் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கவும்.”

நாக்குதான் பேசியது. மனசு எங்கே இருந்தது என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. தேசிய கீதம் பாடினார்கள். வரிசையில் நின்று அவரும் தட்டு எடுத்தார். சாம்பார் சாதம் வாங்கினார். ஒரு வாய் கேசரியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்போது யாரோ சட்டையைத் தொட்டார்கள். கயல்.

“தாத்தா, ஆயா கேக்கச் சொன்னாங்க. எங்க அப்பா பேரு எப்போ சொல்லுவீங்கன்னு.”

கோதண்டபாணி திரும்பிப் பார்த்தார். மண்டபம் முழுக்கக் காலி நாற்காலி. நாலாவது வரிசையில் மாமியாரும் மருமகளும் மட்டும், நடுவில் ஒரு இடம் விட்டு, மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கேசரி அவர் வாயிலேயே நின்றது. ஐயோ, ஐயோ! அவமானத்தில் உச்சந்தலை வரைக்கும் சுட்டது. தட்டை எங்கே வைத்தார் என்று தெரியாது, மேடைக்கு ஓடினார், மைக்கைப் பிடித்தார். சத்தம் வரவில்லை. வலியுல்லா பாதி ஒயரைச் சுற்றிவிட்டிருந்தார்.

“பாய், நான் அஞ்சு பேரு படிச்சேனா?”

“இல்ல நைனா. எம் பேரோட முடிச்சிட்ட.”

“போடு பாய், ஒயரப் போடு!”

வலியுல்லா குனிவதற்குள் வளைகாப்புக்காரர்கள் பூத்தட்டுகளோடு மேடை ஏறிவிட்டார்கள். பச்சையம்மா எழுந்துகொண்டாள். புடவையை உதறிச் சரிசெய்தாள். மேடையடிக்கு ஓடி வந்து நின்ற கோதண்டபாணியிடம் கோபமே இல்லாமல் சொன்னாள்.

“வுடுப்பா. கண்ணு இருந்தப்ப தேடிக்கினு வந்தீங்க. இப்போ எங்ககிட்ட இன்னா கீது?”

பிறகு கயலைப் பார்த்து, “உங்கம்மாகிட்ட சொல்லு, கெளம்பலாம்னு” என்றாள். அம்மா ஒரு அடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அன்புக்கரசி கோதண்டபாணியை ஒரு தரம் பார்த்தாள். மூன்று பேரும் சாப்பிடாமல் போனார்கள்.

வீட்டுக்கு வந்து அவர் எல்லாவற்றையும் சொன்னார். செண்பகம் கேட்டுவிட்டு, “மாப்பிள்ளைக்கு இலை போடாம கல்யாணத்த முடிச்சிட்டு வந்துக்கிற” என்றாள். பிறகு மோரைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை தலைவருக்குப் போன் போட்டார். மதிவாணன் நிஜமாகவே வருத்தப்பட்டார். “அடடா! சரி அண்ணே, அஞ்சு பேர் போட்டோவையும் போட்டு ஒரு போஸ்டர் டிசைன் பண்ணச் சொல்றேன். நம்ம குரூப்ல போட்டுடலாம்.”

“அந்தம்மா நம்ம குரூப்ல இல்ல தலைவரே.”

“அதுவும் சரிதான்.”

அம்பியிடம் போனார். அம்பி நெற்றியைத் தடவிக்கொண்டார். “தப்பு என் மேலயும் இருக்கு கோதண்டம். நானும் சாதத்தட்டைப் பாத்துண்டுதானே நின்னேன். அடுத்த மீட்டிங்ல குறிப்புல சேர்த்துடறேன். நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதேங்கோ” என்று சொல்லி, சால்வையையும் டில்லிபாபு பெயர் எழுதிய சான்றிதழையும் எடுத்துக் கொடுத்தார். கண் வங்கியிலிருந்து வந்திருந்த கடிதத்தையும் கூட வைத்தார். இரண்டு கண்ணும் இரண்டு பேருக்குப் பொருத்தப்பட்டன என்று அதில் இருந்தது. யாருக்கு என்று இல்லை, அதைச் சொல்ல மாட்டார்கள்.

விஷயம் தெரிந்து வலியுல்லா வந்து நின்றார். “நைனா, பாட்டரி ஸ்பீக்கர் கீது. ஸ்கூட்டர்ல வெச்சு நானே இட்டுக்கினு போறேன். அந்தம்மா வூட்டு வாசல்ல கட்டிடலாம்.”

“அது துக்க வூடு பாய். எலெக்ஷன் மீட்டிங்கா?” என்றார் கோதண்டபாணி. ஆனாலும் அந்த மனுஷனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை தனியாக பஸ் ஏறினார். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தார். எல்லா வாக்கியமும் ‘பெருமதிப்பிற்குரிய’ என்றே ஆரம்பித்தது. வெட்கமாக இருந்தது.

ஆதம்பாக்கத்துத் தெருவில் தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. குடங்களோடு இருபது முப்பது பேர். டில்லிபாபுவின் வீட்டு வாசலில் பச்சையம்மா முறத்தை வைத்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கை நின்றது.

“இன்னாத்துக்கு வந்த? கயலு பள்ளிக்கூடம் போயிட்டா. அந்தப் பொண்ணு உள்ள கீது. வேணும்னா கூப்புட்டுக்க.”

“நான் உங்களப் பாக்கத்தாம்மா வந்தேன்.”

சால்வையை இரண்டு கையாலும் நீட்டினார். அவள் வாங்கவில்லை. “துணி எங்கிட்ட நெறயா கீது” என்றாள். கதவோரத்தில் அன்புக்கரசி வந்து நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் அவள் பக்கம் திரும்பவில்லை.

“நன்றி சொல்ல வந்தேம்மா” என்றார் கோதண்டபாணி.

“சொல்லிட்டுப் போ.”

அவர் நிமிர்ந்து நின்று, “பெருமதிப்பிற்குரிய...” என்றார். அதற்குமேல் வரவில்லை. மறுபடியும் முயன்றபோது மேடைத் தமிழ் ஓடிப்போய்விட்டிருந்தது.

“நான் மறந்துட்டேம்மா. எல்லாருக்கும் நன்றி சொன்னேன். லேட்டா வந்தவனுக்குச் சொன்னேன், பாதியில எழுந்து போனவனுக்குச் சொன்னேன், நாற்காலி போட்டவனுக்குச் சொன்னேன். கண்ணு குடுத்த உங்களுக்குச் சொல்லல. சோத்துத் தட்டு சத்தம் கேட்டுச்சு, முடிச்சிட்டேன். எனக்கு மன்னிப்பே கெடையாது. உங்க புள்ளயோட கண்ணு ரெண்டு பேருக்கு வெச்சிருக்காங்க. லெட்டர் வந்துகீது. கண்ணு தெரியாம கெடந்த ரெண்டு பேரு இப்போ பாக்கறாங்க. அதுக்கு டில்லிபாபுவுக்கு நன்றி.”

பச்சையம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“வெறும் டில்லிபாபுன்னு சொன்னா இந்தத் தெருவுல நாலு டில்லிபாபு கீறான். அப்பன் பேரோட சேத்துச் சொல்லு.”

“சொல்லுங்கம்மா, அப்பா பேரு இன்னா?”

“ஏகாம்பரம்.”

கோதண்டபாணி தெருவைப் பார்த்துத் திரும்பினார். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் கொடுத்த குரலை எடுத்தார்.

“ஆதம்பாக்கம் ஏகாம்பரம் மவன் டில்லிபாபு! ரெண்டு பேருக்குக் கண்ணு குடுத்தவரு! அவுருக்கு நன்றி! பெத்த பச்சையம்மாவுக்கு நன்றி! கையெழுத்துப் போட்ட சம்சாரம் அன்புக்கரசிக்கு நன்றி! பொண்ணு கயலுக்கு நன்றி!”

தண்ணீர் லாரியில் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவன் குழாயை மூடினான். குடங்கள் அப்படியே நின்றன. வரிசையிலிருந்து ஒரு பெண், “இன்னா பச்சையம்மா, யாரு இது? இன்னா சொல்றாரு?” என்று கேட்டாள்.

“எம் புள்ள கண்ணு,” என்றாள் பச்சையம்மா. “ரெண்டு பேருக்கு வெச்சிருக்காங்களாம். பாக்கறாங்களாம்.”

பிறகு கோதண்டபாணியிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள். “அடுத்த ஜென்மத்துல அவன் கண்ணில்லாம பொறப்பானாப்பா?”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாய் வரவில்லை.

“அது எனக்குத் தெரியாதும்மா. அடுத்த ஜென்மத்த நான் பாத்ததில்ல. இந்த ஜென்மத்துல ரெண்டு பேரு அவன் கண்ணால பாத்துக்கினு கீறாங்க. அது மட்டுந்தான் எனக்கு நிச்சயமாத் தெரியும்.”

லாரிக்காரன் மறுபடியும் குழாயைத் திறந்தான். பச்சையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் திரும்பினாள்.

“அன்பு,” என்றாள். “எவ்ளோ நேரமா அவுரு நின்னுக்கினு கீறாரு? உள்ள போய் ஒரு சேர் எடுத்தாந்து போடு.”

ஏழு மாதத்தில் மாமியார் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், “தோ, எடுத்தாரேன் அத்த” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இரண்டே அறை உள்ள வீடு அது, சேர் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் அன்புக்கரசி அதை எடுத்துக்கொண்டு வெளியே வர வெகு நேரம் ஆயிற்று.